ஹோம் ரன்னே அடிக்காத மேனேஜர்

அன்புள்ள நித்யாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். மேனேஜர் வேலை வேண்டாம் என்று சொல்லப் போவதாக அம்மாவிடம் சொன்னாயாம். "டீமில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு நான் என்ன சொல்வது?" என்றாயாம். போனில் பேசினால் பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

பேஸ்பால் அணியை நடத்தும் மேனேஜராக இருந்த ஸ்பார்க்கி ஆண்டர்சனை டிவியில் பார்த்த வெள்ளைத்தலைத் தாத்தாவாகத்தான் உனக்கு ஞாபகம் இருக்கும். நான் வேலைக்கு டெட்ராய்ட் வந்து இறங்கிய 1984-ல் அவருடைய டைகர்ஸ் அணி முதல் 40 ஆட்டத்தில் 35 ஜெயித்திருந்தது. ஆபீஸில் வேறு பேச்சே இல்லை. பேஸ்பாலில் ஆனா ஆவன்னா தெரியாத நான், எர்னி ஹார்வெல்லின் ரேடியோ வர்ணனையைக் கேட்டுக் கேட்டுத்தான் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டேன். அந்த வருஷம் வேர்ல்ட் சீரிஸும், அதாவது இரண்டு லீக் சாம்பியன்களும் மோதும் இறுதிப் போட்டியும், கைக்குக் கிடைத்தது. இரண்டு லீகிலும் அதை ஜெயித்த முதல் மேனேஜர் என்று ஆண்டர்சனைக் கொண்டாடினார்கள். ஆடிய காலத்தில் பெரிய சூரராக இருந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படியெல்லாம் இல்லை. உச்ச மட்டமான மேஜர் லீகில் அவர் ஆடியது ஒரே ஒரு சீசன். 1959, பிலடெல்பியா ஃபிலீஸ் அணி, நின்ற இடம் செகண்ட் பேஸ். 152 ஆட்டம், பேட்டிங் சராசரி .218 (ஆயிரத்துக்கு 218 அடிதான்), பந்தை மைதானத்துக்கு வெளியே அனுப்பும் ஹோம் ரன் ஒன்றுகூடக் கிடையாது. அதோடு கீழ்மட்டமான மைனர் லீகுக்குத் திரும்பி, 1964-ல் டொராண்டோவில் மேனேஜர் ஆனார். சின்சினாட்டி ரெட்ஸ் அவரை எடுத்தபோது வயது 35. "ஸ்பார்க்கியா, யாரது?" என்று பத்திரிகையே கேட்டது. அங்கே அவருக்குக் கீழே ஆடியவர்கள் யார் தெரியுமா? ஜானி பெஞ்ச், பீட் ரோஸ், டோனி பெரெஸ், அப்புறம் வந்து சேர்ந்த ஜோ மார்கன். மார்கனும் செகண்ட் பேஸ்தான். தான் நின்ற இடத்தில் தன்னைவிடப் பத்து மடங்கு நன்றாக ஆடுகிறவனுக்கு இவர் மேனேஜர்!

எனக்குப் பிடித்தது 1975 மே மாதம் நடந்தது. அணி தடுமாறிக்கொண்டிருந்தது. ஜார்ஜ் ஃபாஸ்டர் நன்றாக அடிப்பார், ஆனால் மைதானத்தின் பின்பகுதியான அவுட்ஃபீல்டில் அவருக்கு இடமில்லை. தேர்ட் பேஸில் அடிக்கிற ஆள் இல்லை. அவுட்ஃபீல்டின் இடதுபக்கம், லெஃப்ட் ஃபீல்டில் நின்ற ரோஸிடம் ஆண்டர்சன் போய், தேர்ட் பேஸுக்கு வருகிறாயா என்று கேட்டார். உத்தரவு போடவில்லை, கேட்டார். ரோஸ் அப்போதே பெரிய ஸ்டார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கலாம். வந்து நின்றார். ஃபாஸ்டருக்கு இடம் கிடைத்தது. அணி 108 ஆட்டம் ஜெயித்து, கடைசியில் வேர்ல்ட் சீரிஸில் பாஸ்டனையும் ஏழாவது ஆட்டத்தில் சாய்த்தது. பந்தை எப்படி அடிப்பது என்று ரோஸுக்கு இவர் சொல்லித்தரவில்லை. யார் எங்கே நின்றால் சரிவரும் என்று பார்த்தார். தானே திணறி ஆடியவருக்கு அடுத்தவர் திணறுவது சீக்கிரம் கண்ணில் படும் என்பது என் கணிப்பு.

எல்லாம் சுகமாகவே போகும் என்று சொல்லவில்லை. 1978-ல் 92 ஆட்டம் ஜெயித்தும் ரெட்ஸ் அவரை வீட்டுக்கு அனுப்பியது. அடுத்த ஜூனில்தான் டெட்ராய்ட் வந்தார். 1995-ல் வீரர்கள் ஸ்டிரைக்கில் இருந்தபோது, மாற்று ஆட்களை வைத்துப் பயிற்சி நடத்தச் சொன்னார்கள். முடியாது என்று சம்பளமில்லாத லீவில் போய்விட்டார். அந்த சீசனோடு டெட்ராய்ட் வேலையும் முடிந்தது.

மேலே இருப்பவர்களிடம் அப்படி "முடியாது" என்று சொல்ல உனக்கு வருமா என்று மட்டும் யோசி. வராது என்றால் தாராளமாக மறுத்துவிடு, நான் ஒன்றும் சொல்லமாட்டேன். டீமில் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள் என்பதை மட்டும் காரணமாகச் சொல்லாதே.

வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாமே. அதற்கு முன்னால் எனக்கு ஒரு போன் போடு.

அப்பா