சிவப்பு ஹெல்மெட் தம்பிக்கு நன்றி

போன செவ்வாக்கிழமை சுங்கை சிப்புட்ல கெபாஜிக்கான் (சமூகநல இலாகா) உதவித்தொக பாரம் எழுத தெரியாம நின்ன எங்களுக்கு உதவுன தம்பி, இது ஒங்களுக்குத்தான். அம்மாவுக்கு 68 வயசு, காலமெல்லாம் ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுனவங்க, இப்ப வருமானம்னு ஒன்னுமில்ல. 60 வயசு தாண்டுன ஏழைங்களுக்கு மாசம் 500 வெள்ளியா இருந்த உதவித்தொக 2025 ஜனவரிலேர்ந்து 600 ஆயிருச்சின்னு எங்களுக்கு லேட்டாத்தான் தெரியும். பேங்க் புக்கு காப்பி எடுக்க மறந்துட்டோம், மழை வேற. நாங்க கேக்கவே இல்ல, நீங்களா மோட்டர்ல போயி நனைஞ்சிக்கிட்டே காப்பி எடுத்துட்டு வந்து, அம்மா பக்கத்துல ஒக்காந்து மலாய்ல இருந்தத ஒவ்வொரு வரியா தமிழ்ல சொல்லி எழுதுனீங்க, "கூச்சப்படாதீங்க பாட்டி, இது பிச்ச இல்ல"ன்னீங்க. அதுக்கப்புறந்தான் அம்மா தலை நிமிந்தாங்க. காசும் வாங்கல. பேர் கேக்கக்கூட தோணல தம்பி, தீபாவளிக்கு வீட்டுக்கு வாங்க, அம்மா ஒங்களயே கேட்டுக்கிட்டு இருக்காங்க.