ஆண்டறிக்கை 2025: ஒரு டப்பாவுக்கு ஒரு கணக்கு

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களுக்கும், பொருளாளர் அக்காவுக்கும், பஸ் பிடித்துக் காலையிலேயே பெருந்துறை வந்து சேர்ந்த உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கமுங்க.

போன வருட அறிக்கை நீளம் என்று குறை சொன்னார்கள். இந்த வருடமும் நீளம்தான். ஜிபிஎஸ் குறியை வைத்து, ஒருவர் மறைத்த டப்பாவை இன்னொருவர் கண்டெடுத்து இணையதளத்தில் பதிவு போடுவதுதானே நம் ஜியோகேச்சிங் விளையாட்டு. அதில் ஒரே டப்பாவை இரண்டு முறை எழுதிவிட்ட கதைதான் முக்கால்வாசி என்பதால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வழக்கமானதை முதலில் முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டம் ஐப்பசி தவிர எல்லா மாதமும் நடந்தது. ஐப்பசியில் மழை. புதிதாக மூன்று பேர் சேர்ந்தார்கள். ஒருவர் வேலை மாறிப் பெங்களூரு போய்விட்டார், சந்தா மட்டும் அனுப்புகிறார். மே 3-ம் தேதி நம் விளையாட்டுக்கு 25 வயது நிறைந்ததற்காகத் தலைவர் வீட்டில் கேசரி செய்தார்கள். 2000-ம் ஆண்டு மே முதல் வாரத்தில் அமெரிக்க அரசு ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை நீக்கியதும், மறுநாளே ஓரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் ஒரு பக்கெட்டை மறைத்து வைத்து அதன் அட்சரேகை தீர்க்கரேகையை வெளியிட்டார் அல்லவா, அந்த நாள்தான். பக்கெட்டில் பீன்ஸ் டப்பா இருந்த கதையைத்தான் எல்லோரும் சொல்கிறோம். அதில் ஒரு நோட்டும் பென்சிலும்கூட இருந்தன. அந்த நோட்டைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

பயணம் இரண்டு. சங்ககிரிக்கு ஆடி 18 அன்று போகலாம் என்றிருந்தோம். தீரன் சின்னமலை நினைவு நாள் கூட்டத்தில் நமக்கு என்ன வேலை என்று ஆவணிக்குத் தள்ளிப்போட்டோம். கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் டப்பா எதுவும் வைக்கவில்லை, ஏறி இறங்கியதோடு சரி. இன்னொன்று அறச்சலூர். நாகமலையில் தமிழ் பிராமியில் வெட்டிய இசைக் கல்வெட்டு. ‘த தை தா தை த’ என்று தொடங்கும் ஐந்து வரிகளில், முதல் வரியும் ஐந்தாம் வரியும் ஒன்று, இரண்டாவதும் நான்காவதும் ஒன்று. “அந்தக் காலத்திலேயே டபுள் என்ட்ரி போட்டிருக்கறாங்க பாருங்க” என்றான் கோபி தம்பி. அதைக் கேட்டு எல்லோரும் சிரித்ததற்குக் காரணம் நான். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன வருடப் பேரவைக் கூட்டத்தில் 500 டப்பா கண்டுபிடித்ததற்காக எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். தை மாதம் ஒரு ராத்திரி, சும்மா இருக்கமாட்டாமல், இணையதளத்தில் ‘மை ஃபைண்ட்ஸ்’ பட்டியலை இறக்கிப் பார்த்தேன். நாம் கண்டெடுத்த டப்பா எல்லாம் ஒரே கோப்பாக வருமே, காசு கட்டிய உறுப்பினர்களுக்கு மட்டும் கிடைக்கும் அந்தப் பட்டியல். என் பெயருக்குக் கீழே 512 என்று இருக்கிறது, கோப்பில் 509 டப்பா. முதலில் இணையதளத்தின் மேல்தான் சந்தேகப்பட்டேன். நம் பிழை என்று யாருக்கும் முதலில் தோன்றாது.

காரணம் எளிது. பெயருக்குக் கீழே உள்ள எண், நாம் போட்ட ‘ஃபவுண்ட் இட்’ பதிவுகளின் எண்ணிக்கை. ஒரே டப்பாவுக்கு இரண்டு முறை போட்டிருந்தால் இரண்டாகவே கூட்டிக்கொள்ளும். பட்டியலில் ஒரு டப்பா ஒரு முறைதான் வரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இரட்டைப் பதிவு. ஆக, நான் 512 முறை கண்டேன் என்று எழுதியிருக்கிறேன், கண்டது 509.

அந்த மூன்றும் 500-க்கு முந்தியவை. அப்படியானால் பொன்னாடை போர்த்தியது 497-வது டப்பாவுக்கு. அது வால்பாறைப் பக்கம், மழையில் அட்டைக்கடி வாங்கி மூன்று மணி நேரம் தேடி எடுத்தது. உண்மையான 500-வது எது என்று எண்ணிக்கொண்டு வந்தால், தாராபுரம் ரோட்டில் ஒரு பாலத்துக்கு அடியில், அடுத்த பஸ் வருவதற்குள் எடுத்த ஃபிலிம் டப்பா. உள்ளே எறும்பு. பதிவில் ‘நன்றி’ என்ற ஒரு சொல் தவிர நான் எதுவும் எழுதியிருக்கவில்லை. இதைக் கூட்டத்தில் சொன்னதும் பொன்னாடையைத் திருப்பித் தரச்சொல்லிப் பொருளாளர் அக்கா கேட்டதும், வீட்டில் அதை மிக்ஸிக்கு மேல் போர்த்தியிருப்பதாக நான் ஒப்புக்கொண்டதும் ஏற்கெனவே குறிப்பேட்டில் ஏறியாயிற்று.

“செயலாளருக்கே மூணுன்னா, மத்தவிங்களுக்கு?” என்றார் தலைவர். அப்படித்தான் ஆரம்பித்தது. அதிக டப்பா எடுத்தவருக்குக் கொடுக்கும் சுழற்கேடயத்துக்காக நாமே வைத்திருக்கும் கணக்கு ஷீட்டையும் சேர்த்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. மூன்று ஞாயிற்றுக்கிழமை, பொருளாளர் அக்கா வீட்டுத் திண்ணை, இரண்டு லேப்டாப்.

முதல் ஞாயிறு வீண். நாங்கள் தேதி வாரியாக அடுக்கித் தேடினோம். ஒரே நாளில் ஒரே டப்பா இரண்டு முறை வந்தால் பிடித்துவிடலாம் என்று நினைப்பு. காங்கயம் அண்ணனுடையது அதில் மாட்டவே இல்லை. அவர் விடிவதற்கு முன்பே சென்னிமலைப் படி ஏறுகிறவர். அடிவாரத்து டப்பாவைக் காலை 5 மணி 10 நிமிடத்துக்கு எடுத்துக் கையிலிருந்த ஜிபிஎஸ் கருவியில் குறித்திருக்கிறார். கார்மின் கருவி அதை நம் நேரத்தில் எழுதுவதில்லை, கிரீன்விச் நேரத்தில் எழுதுகிறது. ஐந்தரை மணி நேரம் பின்னால். ஆக, முந்தின நாள் ராத்திரி 11 மணி 40 நிமிடம். மலையிலிருந்து இறங்கி டீ குடிக்கும்போது கைபேசியிலும் ஒரு பதிவு போட்டிருக்கிறார், அதில் சரியான தேதி. அப்புறம் கருவியின் கோப்பை ஏற்றியபோது முந்தின நாள் தேதியில் இன்னொன்று. தேதி வேறு என்பதால் எங்கள் கண்ணுக்கு இரண்டும் இரண்டு டப்பா. இதில் அவர் தொடர்ந்து எத்தனை நாள் டப்பா எடுத்தார் என்ற கணக்கும் ஒரு நாள் கூடிப்போயிருந்தது. அதற்குத்தான் அவர் ரொம்ப வருத்தப்பட்டார்.

இரண்டாவது ஞாயிறு பெயர் வாரியாக அடுக்கினோம். அதுவும் உதவவில்லை. டப்பா வைத்தவர் எப்போது வேண்டுமானாலும் பெயரை மாற்றலாம். மாறாதது, ஒவ்வொரு டப்பாவுக்கும் இணையதளம் தரும் ஜிசி என்று தொடங்கும் குறியீடு மட்டும். கடைசியில் குறியீட்டு வாரியாக அடுக்கி, பக்கத்துக் கட்டத்தில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் ‘கவுண்ட்இஃப்’ சூத்திரம் போட்டு, ஒன்றுக்கு மேல் வந்ததையெல்லாம் மஞ்சள் அடித்தோம். இதைத்தான் முதல் நாளே செய்திருக்க வேண்டும். இணையதளத்தில் ஒவ்வொரு பதிவுக்கும் ஜிஎல் என்று தொடங்கும் தனி எண் உண்டு. ஜிசி ஒன்றாக இருந்து ஜிஎல் இரண்டாக இருந்தால் அது இரட்டை.

அப்படியும் நம் ஷீட்டில் சில தப்பித்தன. குறியீட்டின் கடைசியில் யாரோ ஒரு இடைவெளி விட்டிருப்பார்கள், கம்ப்யூட்டருக்கு அது வேறு சொல். கைப்பட எழுதிய பழைய பதிவேட்டிலிருந்து ஏற்றியவை அதைவிட மோசம். ஐந்தை எஸ் என்றும், சைபரை ஓ என்றும் படித்து அடித்திருக்கிறோம். ஒரே டப்பா, ஒருவர் அடித்தது ஐந்து, இன்னொருவர் அடித்தது எஸ். இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. ஜிசி-க்குப் பின்னால் வரும் எழுத்துகளில் ஐ, எல், ஓ, எஸ், யு ஐந்தும் வரவே வராது. குழப்பம் வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே விட்டுவிட்டார்கள். ஆகவே எஸ் என்று தெரிந்தால் அது ஐந்து, ஓ என்று தெரிந்தால் சைபர். யோசிக்காமல் மாற்றலாம். கோபி தம்பி இதைச் சொன்னபோது மணி நாலு, நாங்கள் மத்தியானம் முழுக்கப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து முடித்திருந்தோம்.

மொத்தம் ஒன்பது உறுப்பினர்களிடம் இரட்டைப் பதிவு இருந்தது. ஒருவர்கூட ஏமாற்றவில்லை என்பதை அழுத்திச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். பாதி, சிக்னல் கோளாறு. மலையடிவாரத்தில் பொத்தானை அழுத்துகிறோம், சுற்றிக்கொண்டே இருக்கிறது, போகவில்லை என்று மறுபடி அழுத்துகிறோம், ஊருக்குள் வந்ததும் இரண்டும் போய்ச் சேருகின்றன. என்னுடைய ஒன்று அப்படி. மீதியில் பெரும்பங்கு கார்மின் கருவியின் கோப்பு. நாம் எடுத்த டப்பாக்களை அது ஒரே கோப்பில் வரிசையாகச் சேர்த்துக்கொண்டே போகும். ஒரு முறை ஏற்றிய பிறகு கோப்பை அழிக்காவிட்டால், அடுத்த முறை போன மாதத்து வரிகளும் சேர்ந்தே வரும். ஏற்றும்போது இன்ன தேதிக்கு முந்தியதை விட்டுவிடு என்று சொல்ல ஓர் இடம் இருக்கிறது. அதை யாரும் தொடுவதில்லை. நானும்தான்.

இரட்டை மாதிரி தெரிந்து இரட்டையல்லாதவையும் உண்டு. அவற்றுக்குத்தான் சண்டை. போன மாதம் தேடிக் கிடைக்கவில்லை என்று ஒரு பதிவு, இந்த மாதம் கிடைத்தது என்று ஒரு பதிவு. இது சரி, ‘கிடைக்கவில்லை’ எண்ணிக்கையில் சேராது. விளையாடுகிறவர்கள் கூடும் சந்திப்பும் ஒரு டப்பா போலவே கணக்கில் சேரும். அதற்கு ‘வருகிறேன்’ என்று ஒன்று, ‘வந்தேன்’ என்று ஒன்று. இதுவும் சரி, ‘வந்தேன்’ மட்டும்தான் சேரும். ‘வந்தேன்’ என்றே இரண்டு போட்டிருந்தேன் நான். அது என் மூன்றில் ஒன்று. சாலை அகலப்படுத்தியபோது ஒரு டப்பா போய்விட, வைத்தவர் பழையதை மூடிவிட்டு அதே கல்லுக்கட்டில் புதுக் குறியீட்டில் வேறு வைத்தார். இரண்டையும் எடுத்தவருக்கு இரண்டு கணக்கு உண்டா? இடம் ஒன்றுதானே என்று பொருளாளர் அக்கா. குறியீடு வேறு, உள்ளே கையெழுத்துப் போடும் லாக் புக் வேறு, ஆகவே இரண்டு என்று நான். இதில் நான் சொன்னது நின்றது.

திருத்துவதில்தான் கவனம் வேண்டும். முதலில் என் அவசரத்தில் ஒரு பதிவை அழித்தே விட்டேன். அதோடு சேர்ந்து என் மகள் ஆறு வயதில் டப்பாவைத் தூக்கிப் பிடித்த படமும் போய்விட்டது. அப்புறம்தான் புத்தி வந்தது. அழிக்க வேண்டியதில்லை. பதிவைத் திருத்தப்போய், வகையை ‘ஃபவுண்ட் இட்’ என்பதிலிருந்து வெறும் குறிப்பான ‘ரைட் நோட்’ என்று மாற்றினால் போதும். எழுதியது இருக்கும், படம் இருக்கும், எண்ணிக்கையில் மட்டும் குறையும். பட்டியலை மூன்று நாளுக்கு ஒரு முறைதான் இறக்க முடியும் என்பதால், சரியாயிற்றா என்று பார்க்க மூன்று நாள் பொறுக்க வேண்டும்.

இரண்டில் எதை வைத்துக்கொள்வது? தேதி சண்டை வந்தால் டப்பாவுக்குள் இருக்கும் தாள்தான் தீர்ப்பு. உல்மர் பக்கெட்டில் வைத்த நோட்டைப் பற்றிப் பின்னால் வருகிறேன் என்றது இதற்குத்தான். லாக் புக்கில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் இணையத்தில் கண்டேன் என்று எழுதலாம் என்பது விதி. ஆகவே ஆறு டப்பாக்களுக்கு நேரில் போனோம். ஃபிலிம் டப்பாவில் சுருட்டி வைத்த தாள், இரண்டு விரல் அகலம் இருக்காது. பிரித்தால் மறுபடி சுருண்டுகொள்ளும். முழங்காலில் வைத்து நீட்டி, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மேலிருந்து கீழே பெயர் பெயராகப் படித்தோம். பால்பாயின்ட் பேனாவில் போட்டதெல்லாம் பனி ஈரத்தில் ஊதா மேகமாகப் பரவியிருந்தது. பென்சிலில் போட்டது நேற்றுப் போட்டது மாதிரி இருந்தது. இனிமேல் எல்லா டப்பாவுக்கும் பென்சில்தான் என்று தீர்மானம் போட்டிருக்கிறோம்.

சிவன்மலைப் பக்கம் இப்படிக் குனிந்து படித்துக்கொண்டிருந்தபோது ஆடு மேய்க்கும் அம்மா ஒருவர் என்ன பெட்டி என்று கேட்டார். ஒரு பொருளை எடுத்தால் இன்னொன்றை வைக்க வேண்டும் என்று தம்பி விளக்கினான். “உத்தரவுப் பெட்டி மாதிரியா சாமி?” என்றார். மலைமேல் கோயிலில், பக்தர் கனவில் வந்த பொருளை வைத்து, அடுத்த பொருள் வரும்வரை அப்படியே வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டியைச் சொல்கிறார். அந்த அளவுக்கெல்லாம் இல்லைங்க, இது விளையாட்டு என்று சொல்லிவிட்டு வந்தோம்.

திருத்தாமல் விட்டது ஒன்று உண்டு. நம் வெள்ளகோவில் பெரியவர், ஓய்வு பெற்ற சர்வேயர், இந்த ஆண்டு பங்குனியில் காலமானார். நொய்யல் கரையில் ஒரு டப்பாவுக்கு அவருடைய பதிவு இரண்டு இருக்கின்றன. ஒன்றில் பாலத்திலிருந்து எத்தனை அடி என்று அளந்து எழுதியிருக்கிறார். மற்றொன்றில், அதே நாள், பேரனோடு வந்ததாக ஒரு வரி. அவர் கணக்கில் நுழைந்து வகையை மாற்ற நம்மால் முடியாது. டப்பா வைத்தவர் நினைத்தால் ஒன்றை நீக்கலாம். அவர் காங்கயம் அண்ணன்தான். இரண்டும் இருக்கட்டும் என்றார். நம் ஷீட்டில் ஒன்று என்றே வைத்திருக்கிறோம்.

கேடயம்: போன வருடம் முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் இரண்டு டப்பா வித்தியாசம். திருத்திய பிறகு வரிசை தலைகீழ். கேடயத்தை மாற்றிக் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. கொடுத்தது கொடுத்ததுதான் என்று கை தூக்கிய பெரும்பான்மை சொல்லிவிட்டது. இந்த ஆண்டிலிருந்து பதிவை எண்ணாமல் டப்பாவை எண்ணுவோம். ஒவ்வொருவரும் தை மாதம் ஒரு முறை தன் பட்டியலைச் சரிபார்த்துச் செயலாளருக்குச் சொல்ல வேண்டும்.

கணக்கைப் பொருளாளர் அக்கா தனியாகப் படிப்பார். ஒன்று மட்டும் நான் சொல்லியாக வேண்டும். இந்த ஆண்டு என் சந்தாவுக்கு இரண்டு ரசீது போட்டிருக்கிறது. பணம் இரண்டு முறை கொடுத்தேனா, ரசீதுதான் இரண்டு முறை எழுதப்பட்டதா என்று இன்னும் தெரியவில்லை. ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டை கிடைத்ததும் அடுத்த மாதக் கூட்டத்தில் வைக்கப்படும். கூட்டம் முடிந்து சாப்பாடு இருக்கிறது. இலை போட்டாயிற்று என்று சொல்கிறார்கள்.

இப்படிக்கு,
செயலாளர்