தாடையில் ஒரு நீலக் கோடு

அரார், சவூதி

அன்புள்ள மல்லி,

நலம். வீட்டில் எல்லோரும் நலம்தானே? உன் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. பதில் போடாதது என் தப்புதான். மகன் காதோரம் மழித்து உச்சியில் குடுமி வைத்திருக்கிறான், கையில் பச்சை குத்திக்கொண்டான் என்று நான்கு பக்கம் அழுதிருந்தாயே, ஹாஸ்டலில் நடந்த அந்த ரிப்பன் விவகாரத்தை அவனிடம் சொல்லியிருக்கிறாயா? முதலில் அதைச் சொல்லு.

சரி, இப்போது எழுத உட்கார்ந்தது என் வார்டில் இருக்கும் ஒரு பாட்டிக்காக. பாலைவன நாடோடிகளான பதூவின் இனத்துப் பெண், எண்பது தாண்டியிருக்கும். இடுப்பெலும்பு முறிந்து வந்தாள். முகம் துடைக்கத் திரையை விலக்கினேன். கீழுதட்டிலிருந்து தாடை நுனிவரை ஒரு நீலக் கோடு, இரண்டு பக்கமும் மும்மூன்று புள்ளி. சட்டென்று கையால் மூடிக்கொண்டாள். "மகளே, இது ஹராம், பாவம். இதை எடுக்க மிஷின் இருக்கிறதா?" என்று கேட்டாள்.

சின்ன வயதில் பச்சை குத்தியதாம். ஊர் ஊராக வரும் நாடோடிப் பெண்கள் விளக்குக் கரியில் தாய்ப்பால் குழைத்து, ஊசிகளைச் சேர்த்துக் கட்டிக் குத்துவார்களாம். 'தக்' என்று பெயர். அன்றைக்கு அது இல்லாத முகம் வெறும் முகம். அப்புறம் வானொலியும் மார்க்கப் பிரசங்கமும் கூடாரம்வரை வந்தன. பச்சை குத்துபவளையும் குத்திக்கொள்பவளையும் நபி சபித்தார் என்ற ஹதீஸ் அவள் காதிலும் விழுந்தது. அன்றிலிருந்து தாடையை மூடியே வாழ்கிறாள். அறியாத வயதில் நடந்தது பாவமாகாது என்று மகன் எத்தனையோ முறை சொல்லியும் அவள் மனசு கேட்கவில்லை.

நேற்று பேரன் வந்தான், உன் மகனைப் போலவே காதோரம் மழித்து. தகப்பன் வராந்தாவிலேயே பிடித்துக்கொண்டார். பாதி மழித்துப் பாதி விடுவதை இங்கே 'கஸஉ' என்பார்கள். அதற்கும் ஹதீஸ் தடை உண்டு. 2017இல் எமிரேட்ஸில் இதைச் சொல்லி, கானா நாட்டு வீரர் அசமோவா ஜியான் உட்பட 40க்கும் மேற்பட்ட கால்பந்து வீரர்களைக் கண்டித்தார்கள். உன் மகனுக்குத் தெரிந்திருக்கும்.

பையன் தலை குனிந்து நின்றான். பாட்டி படுக்கையிலிருந்தே அதட்டினாள்: "விடுடா அவனை! உன் தாத்தாவுக்கு இரண்டு பக்கமும் பின்னல் தொங்கும். கொம்பு என்றுதான் சொல்வோம். அவர் ஆண் இல்லையா?" பேரனுக்காக அப்படிச் சண்டை போட்டவள், அப்போதும் ஒரு கையால் தாடையை மூடிக்கொண்டிருந்தாள். எனக்குத் தாங்கவில்லை மல்லி.

மயிர்தானே என்று தள்ளவும் முடியவில்லை. 2012இல் ஈராக்கின் பாக்தாதில் 'எமோ' என்ற மேல்நாட்டு இசை, உடை மோகம் பிடித்தவர்கள் என்று சொல்லி, முடியையும் உடையையும் பார்த்துப் பையன்களைக் கொன்றார்கள். ஈராக் எல்லை இங்கிருந்து கிட்டத்தான். மகனைத் திட்டு, வேண்டாமென்று சொல்லவில்லை. நாலு பேர் முன்னால் மட்டும் வேண்டாம்.

ராத்திரி டியூட்டியில் பாட்டியிடம் என் அப்பத்தாவைப் பற்றிச் சொன்னேன். "செத்தால் கூடவே வருவது இது ஒன்றுதான்" என்று முழங்கையில் பச்சை குத்திய தேளைக் காட்டுவாளே, நினைவிருக்கிறதா? பாட்டி இரண்டு தடவை சொல்லச் சொன்னாள். அதைப் பார்க்க வேண்டுமாம். என்னிடம் படம் இல்லை. உன் அம்மாச்சி கையில் பச்சை குத்திய கோலம் இருந்ததே, அந்தப் போட்டோ கிடைத்தால் உடனே அனுப்பு. வியாழக்கிழமை அவளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

உன்
தனம்