அந்த ஊசி உன் குதிகாலுக்கு வேண்டாம், கண்ணு

அன்புள்ள மகளுக்கு,

நேற்று ராத்திரி நீ போனை வைத்ததிலிருந்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. குதிகாலுக்குப் பின்னால் மூன்று மாதமாக வலி, அடுத்த மாதம் பத்து கிலோமீட்டர் ஓட்டம், அதற்குள் ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டால் சரியாகிவிடும் என்று கூட ஓடுகிற பெண் சொன்னாள் என்றாய். "உனக்குத் தெரியாததா அம்மா, நீயே எத்தனை பேருக்கு எடுத்துக் கொடுத்திருப்பாய்" என்றும் கேட்டாய். ஆமாம், எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எலும்பு ஓ.பி.யில் பதினோரு வருஷம் நர்ஸாக நின்றவள் நான். அந்த மருந்துக் குப்பியைக் கையில் எடுத்தால் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும். குலுக்கினால் மோர் மாதிரி கலங்கும். டெப்போமெட்ரால் ஆனாலும் கெனகார்ட் ஆனாலும் அப்படித்தான். சட்டென்று கரையாத பொடி என்பதால் போட்ட இடத்திலேயே தங்கி வாரக்கணக்கில் வேலை செய்யும். கூடவே கொஞ்சம் லிக்னோகெய்ன் சேர்த்து இழுப்போம். பத்து நிமிஷத்தில் வலி போய்விட்டது என்று ஆட்கள் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அது மரத்துப்போகிற மருந்தின் வேலை. சாயங்காலம் வலி திரும்பும், சிலருக்கு ஒன்றிரண்டு நாள் முன்னைவிட அதிகமாகவே இருக்கும். ஸ்டீராய்டு பிடிக்க இரண்டு மூன்று நாள், சமயத்தில் ஒரு வாரம்கூட ஆகும்.

நான் ஊசிக்கே எதிரி இல்லை. நீ ஹாஸ்டலில் இருந்த வருஷம் அப்பாவின் விரல் பட்ட பாடு உனக்குத் தெரியாது. நாள் முழுக்கக் கத்தரிக்கோல் பிடித்த கை. காலையில் காபி குடித்துவிட்டு டம்ளரை வைப்பார். மற்ற விரல்கள் விரியும், மோதிர விரல் மட்டும் மடங்கியே நிற்கும். இடது கையால் அதைப் பிடித்து நிமிர்த்துவார், 'டக்' என்று ஒரு சத்தம், முகம் சுருங்கிப்போகும். ட்ரிக்கர் ஃபிங்கர் என்பார்கள். விரலை மடக்குகிற தசைநாண் (சதையை எலும்போடு கட்டுகிற கயிறு) நுழைந்து போகிற உறை, உள்ளங்கைப் பக்கம் தடித்து இறுகிவிடுகிறது. அந்த உறைக்குள் ஒரே ஓர் ஊசி. மூன்றாவது வாரம் அவர் பழையபடி துணி வெட்டினார், இன்றுவரை அந்த விரல் சிக்கவில்லை. சர்க்கரை மட்டும் மறுநாள் காலை வெறும் வயிற்றில் 240-க்குப் போய், இறங்க ஐந்து நாள் ஆனது. சுகர் உள்ளவர்களுக்கு அது வழக்கம்தான், முன்கூட்டியே தெரிந்திருந்தால் பயமில்லை.

உன் மாமியாருக்குத் தோள் இறுகிப்போய்க் கை தூக்க முடியவில்லை என்றாயே, அதற்கும் ஆரம்பத்திலேயே மூட்டுக்குள் ஒரு ஊசி போட்டு, கூடவே பயிற்சியும் செய்தால் நல்ல பலன் உண்டு. தாராளமாக டாக்டரிடம் கேட்கட்டும். சுகர் இருப்பதையும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டால் அதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஊசி போட்ட பிறகு காய்ச்சல் வந்தாலோ, மூட்டு சிவந்து சுட்டாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இப்போது என் முழங்கைக்கு வருகிறேன். வெளிப்பக்க எலும்பு முண்டில் வலி, டென்னிஸ் எல்போ. தோசைக்கல்லைத் தூக்க முடியாது, துணி பிழிய முடியாது. ஒரு தனியார் கிளினிக்கில் முதல் ஊசி போட்டேன். இரண்டு மாதம் சொர்க்கம். வலி திரும்பியதும் இரண்டாவது, அது ஆறு வாரம் தாங்கியது. மூன்றாவது மூன்று வாரம்கூட நிற்கவில்லை, வலி முதலில் இருந்ததைவிட மோசமானது. போன தீபாவளிக்கு வந்தபோது அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்து, "இது என்னம்மா, வெள்ளையாகக் குழி விழுந்திருக்கிறது" என்று கேட்டாயே, அது அந்த ஊசிகளின் அடையாளம்தான். தோலுக்கடியில் கொழுப்பு கரைந்து நிறமும் போய்விட்டது. நம் நிறத்தில் நன்றாகவே தெரிகிறது.

என் ஒருத்தியின் கதை என்று நினைக்காதே. ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேனில் இதே முழங்கை வலி உள்ள 165 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2013-இல் வெளியிட்டார்கள். சிலருக்கு ஸ்டீராய்டு, சிலருக்கு வெறும் உப்பு நீர். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், ஸ்டீராய்டு போட்டவர்களில் 100-க்கு 54 பேருக்கு வலி திரும்பியிருக்கிறது. உப்பு நீர் போட்டவர்களில் 100-க்கு 12 பேருக்குத்தான்.

ஏன் அப்படி? நாம் எல்லாவற்றையும் நரம்பு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். உன் குதிகாலில் வலிப்பது நரம்பு இல்லை, தசைநாண். கெண்டைக்கால் சதையைக் குதிகால் எலும்போடு கட்டியிருக்கும் கயிறு. மாதக்கணக்கில் வலிக்கிற தசைநாணில் பெரும்பாலும் வீக்கத்தைவிட நார் நைந்துபோனதுதான் பெரிய பிரச்சினை. ஸ்டீராய்டு வீக்கத்தை அடக்குகிற மருந்து. நைந்த நாரை அது கட்டாது, உடம்பு புதிதாக நார் கட்டுகிற வேலையையும் மந்தமாக்கும். வலி மட்டும் போய்விடும். வலி இல்லையென்று நீ ஓடுவாய். ஓடும்போது உடம்பு எடையைப் போலப் பல மடங்கு பாரம் அந்தக் கயிற்றில்தான் விழும்.

ஒரு கபடிப் பையனை என்னால் மறக்க முடியவில்லை. எங்கேயோ குதிகாலில் ஊசி போட்டுக்கொண்டு ஆடப் போனவன். "யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி இருந்தது, திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை சிஸ்டர்" என்றான். குதிகாலுக்கு மேலே விரல் வைத்தேன். கயிறு இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம். உன் வயசுதான் அவனுக்கும் இருக்கும்.

முழங்கை எனக்குச் சரியானது பிசியோதெரபியில்தான். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து மணிக்கட்டை மெதுவாகக் கீழே இறக்கும் பயிற்சி. நான்கு மாதம் ஆனது, நடுவில் இரண்டு முறை சலித்து விட்டுவிட்டேன், ஆனாலும் சரியானது. உன் குதிகாலுக்கும் அதே வழிதான். சுவீடனில் ஆல்ஃப்ரெட்சன் என்ற டாக்டர் 1998-இல் எழுதிய முறை: படிக்கட்டு ஓரத்தில் முன்பாதத்தை ஊன்றி, வலிக்காத காலால் எம்பி, வலிக்கிற காலால் மட்டும் குதிகாலை மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். 15 முறை, அப்படி மூன்று சுற்று. முழங்காலை நீட்டி மூன்று சுற்று, கொஞ்சம் மடக்கி மூன்று சுற்று. காலையும் மாலையும், 12 வாரம். செய்யும்போது லேசாக வலிக்கும், பரவாயில்லை. தாங்க முடியாமல் வலித்தால் நிறுத்திவிடு. முதலில் ஒரு பிசியோவிடம் காட்டிவிட்டே தொடங்கு.

அடுத்த மாத ஓட்டத்துக்குப் பணம் கட்டிவிட்டாய், தெரியும். அது போகட்டும் கண்ணு. நான் அப்பாவிடம் சொல்லிவிட்டேன், சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். அதற்குள் எந்த ஊசியும் போட்டுக்கொள்ளாதே. உங்கள் அபார்ட்மெண்ட் படிக்கட்டில் கைப்பிடி இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வை, பிடித்துக்கொண்டு செய்ய வேண்டும்.

அன்புடன்,
அம்மா