பேத்தியின் சுருள்முடி

அன்புள்ள கமலா,

அமெரிக்காவுக்கு, இந்த நியூ ஆர்லியன்ஸ் ஊருக்கு வந்து நான்கு மாதம், ஒரு வரி எழுதவில்லை. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. முழங்கால் தேவலையா? இந்த வருஷமும் நீயேதான் மாடியேறி வடகம் இட்டாயா? சொன்னால் கேட்கிற ஜென்மமா நீ!

பேத்தியின் முடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை கறுப்பினத்தவர் அல்லவா, அவரைப் போலவே அடர்ந்த சுருள். வந்த புதிதில் எண்ணெய் வைத்து, நம் வழக்கப்படி உச்சியிலிருந்து சீப்பை இழுத்தேன். அலறிவிட்டாள். "அடங்கவே மாட்டேன் என்கிறதே" என்றேன். மறுவாரம் பள்ளியிலிருந்து சீட்டு வந்தது: முடியை அடக்கிக் கட்டி அனுப்ப வேண்டுமாம். நான் சொன்ன அதே சொல். அன்றிரவு, "பாட்டி, எனக்கு எப்போது உங்கள் முடி வரும்?" என்று கேட்டாள். ஆறு வயது, கமலா. விடியும்வரை நான் தூங்கவில்லை.

சம்பந்தியம்மாள்தான் வாரக் கற்றுக்கொடுத்தார். தண்ணீர் தெளித்து, கண்டிஷனர் தடவி, நான்காக வகிர்ந்து, அகலப்பல் சீப்பால் நுனியில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வர வேண்டும். ஒரு மணி நேரமாகிறது. வாரிக்கொண்டே தம் காதை மடக்கிக் காட்டினார். பின்புறம் பளபளவென்று ஒரு தழும்பு. சிறு வயதில், அடுப்பில் காய்ச்சிய இரும்புச் சீப்பால் முடியை நேராக்கும்போது சுட்டதாம். வேலைக்குப் போன பிறகு காஸ்டிக் சோடா கலந்த கிரீம், மண்டை எரிய எரிய. சுருள்முடியோடு போனால் வேலை கிடைக்காது என்ற பயம்.

இது இன்று நேற்றுக் கதையல்ல. அடிமைகளாக இல்லாத கறுப்பின, கலப்பினப் பெண்களும் முடியைத் துணியால் மூட வேண்டும் என்று 1786-இல் இங்கே ஆணையே போட்டிருக்கிறார் ஸ்பானிய ஆளுநர் எஸ்தெபான் மீரோ. அவர்கள் பளிச்சென்ற துணிகளை உயர உயரச் சுற்றி, மூடச் சொன்னதையே அலங்காரமாக்கிவிட்டார்கள். அந்தத் தலைக்கட்டுக்குப் பெயர் 'டின்யோன்'. அதற்கு அவர்கள் விரும்பிய துணி எது தெரியுமா? மதராஸ் கட்டத் துணி! உன் அப்பாவின் தறிதான் நினைவுக்கு வந்தது.

முடியைக் காரணம் காட்டி ஒதுக்கக் கூடாது என்று 2019-இல்தான் கலிஃபோர்னியா முதலில் சட்டம் செய்தது. நாங்கள் இருக்கும் இந்த லூசியானா மாநிலம் 2022-இல். அதன் நகலோடு நாளை மகள் பள்ளிக்குப் போகிறாள். நானும் போகிறேன்.

உன் பெட்டியில் சிவப்பும் மஞ்சளுமாகக் கட்டத் துணி இன்னும் இருந்தால் இரண்டு கெஜம் அனுப்பு. சம்பந்தியம்மாள் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறார். குழந்தைக்கு வேண்டாம், அவள் முடி மூடாமல் இருக்கட்டும்.

உன்
விசாலம்