வெயிலில் வந்து உட்காருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

டிசம்பர் கடைசியில் தில்லியில் சூரியன் உதிக்கவே 7 மணி தாண்டிவிடுகிறது. சென்னையில் ஆறரைக்கே விடிந்துவிடும். மூடுபனியும் புகையும் சேர்ந்தால் சில நாட்கள் பகலிலும் வெளிச்சம் இருப்பதில்லை. பிள்ளைகளோடு இருக்க ஊரிலிருந்து வந்த பெரியவர்கள் இந்த மாதங்களில் சுருண்டுபோகிறார்கள். என் அம்மாவும் அப்படித்தான். யாரோடும் பேசாமல் இருப்பார். பேசினால், ‘ஊருக்கே போயிடறேன்’ என்பார்.

குளிர் மட்டுமே காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. நாம் நிழல் தேடி வளர்ந்தவர்கள். ‘வெயில்ல நிக்காதே’ என்று கேட்டே பழகியவர்கள். எதிர்வீட்டுப் பஞ்சாபிப் பாட்டியோ சாப்பாடு முடிந்ததும் மொட்டைமாடியில் கட்டிலைப் போட்டு, வேர்க்கடலை உரித்தபடி நாலு பேரோடு பேசிக்கொண்டிருப்பார். குளிர்காலம்தான் அவருக்கு மகிழ்ச்சியான காலம். போன தை மாதம் அம்மாவையும் கூப்பிட்டார். அம்மாவுக்கு இந்தி தெரியாது. சரி, கடலை உரிக்க மொழி வேண்டுமா என்ன! ஒரே வாரத்தில் அம்மாவின் முகம் தெளிந்துவிட்டது.

மார்கழி விடியற்காலையில் மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போக முடியாத முதியவர்கள் இங்கே நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்காக ஞாயிறு மதியங்களில் பூங்கா வெயிலில் ஒரு கூடலை நம் தமிழ் அமைப்புகள் நடத்த வேண்டும்.

ஒரு வாசகி,
ராமகிருஷ்ணபுரம், புது தில்லி