நிறைவு விழாவைக் கொஞ்சம் சுருக்குவோமா?

மதிப்பிற்குரிய போதகர் ஐயாவுக்கும் சபைக் குழுப் பெரியவர்களுக்கும் ஸ்தோத்திரம்.

இந்த வருட விடுமுறை வேதாகமப் பள்ளிக்கான முதல் கூட்டத்துக்கு முன்பே இதை எழுதிவிட நினைத்தேன். கூட்டம் தொடங்கிவிட்டால் டி-ஷர்ட் என்ன நிறம் என்பதிலேயே ஒரு மணி நேரம் போய்விடும். அப்புறம் யாருக்கும் பொறுமை இருக்காது.

போன வருடம் பத்து நாள் நடத்தினோம். பிள்ளைகள் நிறைய வந்தார்கள், அறிக்கையிலும் அதைப் பெருமையாக எழுதினோம். ஐந்தாம் நாளிலிருந்து பாட நேரம் மெல்ல மெல்ல நிறைவு விழாவுக்கான ஒத்திகை நேரமாகிப் போனதை மட்டும் எழுதவில்லை. அந்தத் தவறில் எனக்கும் பங்கு உண்டு. பிரைமரி வகுப்பில் ஃபிளாஷ்கார்டு வைத்து, பெரிய மீன் விழுங்கிய யோனாவின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பையன் கையைத் தூக்கி, "டீச்சர், மீனுக்குள்ள இருட்டா இருந்திருக்குமே, யோனா அழுதாரா?" என்று கேட்டான். அதே நேரம் வாசலில் ஒருவர் வந்து, "அசைவுப் பாட்டுக்குப் பிள்ளைகளை உடனே அனுப்புங்க" என்றார். அனுப்பிவிட்டேன். அந்தப் பையன் பாட்டில் இல்லை. தாளம் வரவில்லை என்று எடுத்துவிட்டிருந்தோம். மற்றவர்களின் பைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி வெளிப்படியில் உட்கார வைத்தோம்.

அவன் கேட்டதற்குப் பதில் யோனா இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. மீன் வயிற்றிலிருந்து யோனா செய்த ஜெபம் அது, பெரும்பகுதி தவிப்புதான். அவனோடு உட்கார்ந்து வாசிக்கப் பத்து நிமிடம் போதும். அன்றைக்கு என்னிடம் அந்தப் பத்து நிமிடம் இல்லை. 12 வயதில் இயேசு தேவாலயத்தில் போதகர்கள் நடுவே உட்கார்ந்து கேள்வி கேட்டார் என்று லூக்கா எழுதுகிறார். நம் கால அட்டவணையில் கேள்விக்கென்று ஒரு கட்டம்கூடக் கிடையாது.

நிறைவு விழாவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மற்ற நாளில் சபைப் பக்கமே வராத பெற்றோர் அன்றைக்கு வருகிறார்கள், அது நல்ல விஷயம். தினமும் பாடுகிற பாட்டையே மேடையிலும் பாடட்டும், தாளம் வராதவர்களும் சேர்ந்து பாடட்டும். தனி ஒத்திகை கடைசி நாள் காலையில் மட்டும் போதும்.

மேடை அலங்காரத்துக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியை ஆசிரியர் பயிற்சிக்குத் தாருங்கள். இப்போது கல்லூரிப் பிள்ளைகள் கையில் முந்தின நாள் இரவு பாடப் புத்தகத்தைக் கொடுத்து, காலையில் வகுப்பெடுக்கச் சொல்கிறோம். நான்கு வயதுப் பிள்ளைக்கு வசனத்தில் மூன்று சொல் போதும். பத்து வயதுப் பிள்ளைக்குக் கதை ஏற்கெனவே தெரியும், 'ஏன்' என்பதைத்தான் கேட்பான். இரண்டையும் ஒரே மாதிரி நடத்தினால் ஒன்று அழும், மற்றொன்று பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளும்.

பாதுகாப்பில் பேரமே கூடாது. பிள்ளையை யார் கொண்டுவந்து விட்டார், யார் அழைத்துப் போனார் என்று தினமும் கையெழுத்து வாங்க வேண்டும். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனி அறையில் இருக்கக் கூடாது, அது நம் மூப்பராக இருந்தாலும் சரி. எந்த உணவு ஒத்துக்கொள்ளாது என்பதைப் பதிவுப் படிவத்திலேயே கேட்டுவிடலாம்.

எண்ணிக்கை பற்றியும் ஒரு வார்த்தை. 1898ல் நியூயார்க்கில் ஹாஸ் என்ற பெண்மணி ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு பீர்க்கூடத்தை வாடகைக்கு எடுத்து வேதாகமப் பள்ளி நடத்தினார். அவர் வெளியில் இருந்த பிள்ளைகளைத் தேடிப் போனார். நம்முடைய பெரிய எண்ணிக்கையிலோ பாதிக்கு மேல் நம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள்தான். வெளியிலிருந்து வருகிற பத்துப் பேரின் பெயர் நமக்குத் தெரிந்திருந்தால், மொத்தம் குறைந்தாலும் நான் வருத்தப்பட மாட்டேன்.

பிரைமரி வகுப்பை இந்த வருடமும் எனக்கே தாருங்கள். அந்தப் பையன் வந்தால் யோனா இரண்டாம் அதிகாரத்தை அவனோடு வாசிக்க வேண்டும்.

கர்த்தருக்குள்,
பிரைமரி வகுப்பு ஆசிரியை